ஈர மண்ணில் நாய் வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்தவை. நாய் வளர்ப்பு பற்றி இன்று கைப்பேசியில் கிடைக்கும் அறிவுரைகளில் பல, குளிரும் காய்ந்த தரையும் உள்ள ஊர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. ஆண்டில் பாதி நாள் வயலில் தண்ணீர் நிற்கும் நம் பகுதியில் அவற்றை அப்படியே பின்பற்றினால் சில வேளைகளில் நாய்க்குத் தீங்கு நேர்கிறது. இப்பகுதியிலேயே நெடுநாள் வைத்தியம் பார்த்தவன் என்ற முறையில், கூடுமானவரை நம் ஊர் நிலவரத்தை ஒட்டியே பதில் எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வீடு வயலை ஒட்டி இருக்கிறது. இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறோம். நாட்டு நாய்க்கு எதிர்ப்புச் சக்தி பிறப்பிலேயே உண்டு, வெறிநோய் ஊசி ஒன்று போட்டால் போதும் என்கிறார் என் பெரியப்பா. சம்பா நடவு நடக்கிறது. குட்டி எந்நேரமும் வரப்பில்தான் இருக்கிறது. என்னென்ன தடுப்பூசிகள் அவசியம்?

உங்கள் பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை. நாட்டு நாய்கள் இந்த வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கும் உடல்வாகு கொண்டவை. அடர்ந்த ரோமமுள்ள வெளிநாட்டு இனங்களை வாட்டும் தோல் தொல்லைகள் அவற்றுக்குக் குறைவு. ஆனால் குட்டிகளை வாந்தியாலும் இரத்தக் கழிச்சலாலும் கொல்லும் பார்வோ வைரஸுக்கு நாட்டு நாய், சாதி நாய் என்ற வேறுபாடு தெரியாது. தெருவில் ஓர் ஈற்றில் பிறக்கும் ஆறேழு குட்டிகளில் ஒன்றிரண்டு மட்டும் வளர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்று சொல்லிக்கொள்கிறோம். வாய்க்கால் ஓரத்தில் செத்துக்கிடந்த மற்றக் குட்டிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆறு முதல் எட்டு வாரத்தில், பார்வோ உள்ளிட்ட பல நோய்களை ஒன்றாகத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட வேண்டும். அதன்பின் மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்த தவணைகளைப் போட்டு, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ஒரே ஊசியோடு ஏன் நிறுத்தக்கூடாது என்று பலர் கேட்கிறார்கள். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்புப் பொருள்கள், அவை உடலில் இருக்கும்வரை, தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுத்துவிடும். அவை எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அந்த இடைவெளியைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகத்தான் இத்தனை தவணைகள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதம் முடிந்ததும் போட்டு, மறு தவணையை உங்கள் மருத்துவர் சொல்லும் நாளில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் தொடருங்கள். குடற்புழு மருந்தைப் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் குட்டிக்கு இதுவரை கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடை பார்த்துக் கொடுங்கள்.

இனி, உங்கள் வீட்டுக்கு மிகவும் முக்கியமானதைச் சொல்கிறேன். கூட்டுத் தடுப்பூசி வாங்கும்போது அதில் எலிக்காய்ச்சலுக்கான பகுதி, அதாவது லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பு, இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வயல் எலியின் சிறுநீரில் வெளியேறும் இந்தக் கிருமி, தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தரை நன்றாகக் காய்ந்தால் மடியும். நம் வயல்களோ குறுவை தொடங்கியதிலிருந்து தை அறுவடைவரை காய்வதே இல்லை. பாதத்தில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, வாய், மூக்கு, கண்களின் மென்சவ்வு வழியாகவோ கிருமி உள்ளே புகுந்து, ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. இந்தத் தடுப்பின் பலன் ஏறக்குறைய ஓராண்டுதான் நிற்கும் என்பதால் ஆண்டுதோறும், முடிந்தால் மழைக்கு முன் ஆவணி, புரட்டாசியிலேயே, போட்டுவிடுவது நல்லது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. செவலை என்று ஒரு நாட்டு நாய் என்னிடம் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வேலை மிகுதியால் அதன் ஆண்டுத் தடுப்பூசியை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். கார்த்திகை மாதம், வைக்கோல் போருக்குப் பின்னால் தேங்கிய குட்டையில்தான் அது தண்ணீர் குடிக்கும். ஒருநாள் மாலை நான் படலைத் திறந்தபோது அது எழுந்து வரவில்லை. வால் மட்டும் தரையில் இரண்டு முறை அசைந்தது. மேலுதட்டை விலக்கிப் பார்த்தேன். ஈறு, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்த துணிபோல இருந்தது. நான் கற்ற வைத்தியம் முழுவதையும் செய்தும் ஆறாம் நாள் அது இறந்தது. தள்ளிப்போட்ட அந்த மூன்று மாதம் என் தவறு. அதே தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.

நோய் கண்ட நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும். நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் இறங்குவோர் காலில் புண் இருந்தால் அவர்களும் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல் கண்டால், வீட்டு நாய்க்கு இந்நோய் இருந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். தடுப்பூசி இந்தக் கிருமியின் எல்லா வகைகளையும் தடுக்காது. ஆகவே, கழுவி நிரப்பிய தண்ணீர்ச் சட்டி ஒன்றைத் திண்ணையில் எப்போதும் வைத்திருங்கள். தாகத்தோடு வரப்புக்குப் போகும் குட்டிதான் தேங்கிய நீரைக் குடிக்கும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் லாப்ரடாருக்கு ஒன்றரை வயது. வெளியே அழைத்துப் போனால் அதுதான் என்னை இழுத்துச் செல்கிறது. தெரு மிகவும் குறுகலானது. காய்கறி வண்டி, மாடு, பள்ளிப் பிள்ளைகள் என எப்போதும் நெரிசல். காலையில் அக்கம்பக்கத்தார் போட்ட கோலத்தின்மேல் ஓடி, வாசற்படியில் காலைத் தூக்கிவிடுகிறது. எவ்வளவு அதட்டியும் பயனில்லை. கழுத்தை இறுக்கும் சங்கிலி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் அம்மா. இறுக்குச் சங்கிலி நாயின் மூச்சுக்குழலையும் கழுத்து நரம்புகளையும் வருத்தும். அதைவிடக் கெடுதலாக, மாட்டையோ பிள்ளைகளையோ பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் வலி வருமானால், அந்த வலி அவர்களால் வருவதாக நாய் எண்ணிக்கொள்ளும். இழுத்துக்கொண்டிருந்த நாய் சில மாதங்களில் உறுமத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். மார்புப் பக்கம் வளையம் வைத்த மார்புப் பட்டையும் ஆறடி நீளமுள்ள சாதாரண வாரும் போதும்.

நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் முன்னே போக முடிகிறது என்று இத்தனை நாளும் கற்றுக்கொண்டதனால் இழுக்கிறது. ஆகையால் வார் விறைத்த நொடியே நீங்கள் அப்படியே நின்றுவிடுங்கள். பேசவோ பின்னால் இழுக்கவோ வேண்டாம். அது திரும்பிப் பார்க்கும், ஓரடி பின்வாங்கும், வார் தளரும். அந்த நொடியில் ‘நல்லது’ என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லி, உங்கள் இடது முழங்காலுக்குப் பக்கத்தில், உங்கள் கையிலிருந்தே ஒரு துண்டுத் தீனி கொடுத்துவிட்டு நடங்கள். தீனி சுண்டுவிரல் நகமளவு இருந்தால் போதும்: வேகவைத்த கோழித்துண்டு, புலால் சமைக்காத வீடாயின் பனீர் அல்லது வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. முதல் வாரம் உங்கள் வாசலிலிருந்து நான்காம் வீடுவரை போவதற்கே கால் மணி நேரம் ஆகலாம். அந்தக் கால் மணி நேரத்தில் அது நிறையக் கற்றுக்கொள்கிறது. நடை தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

முதல் பாடத்தை நெரிசலில் நடத்தக் கூடாது. வீட்டு முற்றம், பிறகு கொல்லை, பிறகு வெயில் ஏறுமுன் ஆளற்ற தெரு, கடைசியாகக் கடைத்தெரு என்று படிப்படியாகக் கடினமாக்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை என்பது ஒரேயடியாக அரை மணி நேரம் செய்வதைவிட நல்ல பயன் தரும். மாடு எதிரே வந்தால், நாய் அதைப் பார்த்தும் இன்னும் துள்ளாமல் இருக்கும் தொலைவு எது என்று கண்டு, அங்கேயே நின்று தீனி கொடுங்கள். நாளடைவில் அந்தத் தொலைவு தானே குறையும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். உங்கள் வீட்டில் நாயை உட்காரச் சொல்ல எத்தனை சொற்கள் இருக்கின்றன? பிள்ளைகள் ‘சிட்’ என்பார்கள், நீங்கள் ‘உட்கார்’ என்பீர்கள், மாமியார் ‘உக்காருடா கண்ணா’ என்பார். நாய்க்கு இவை மூன்று வெவ்வேறு ஒலிகள். எந்தச் சொல் என்பது முக்கியமில்லை. வீட்டில் அனைவரும் ஒரே சொல்லை, ஒரே தொனியில், ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். அதைத் தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைக்கச் சொல்வது என் வழக்கம்; அதட்டலால் ஆகாதது இந்தத் தாளால் ஆன வீடுகள் உண்டு.

கோலத்தைப் பொறுத்தவரை அக்கம்பக்கத்தார் பக்கமே நியாயம். விடியலில் தண்ணீர் தெளித்து, குனிந்து ஒருவர் இட்ட கோலத்தின் நடுவே ஈரப் பாதச்சுவடுகள் பதிந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் நோகும். எழுந்தவுடன், அவர்கள் வாசல் தெளிப்பதற்கு முன்பே, நாயை உங்கள் கொல்லையிலோ அருகிலுள்ள காலி மனையிலோ ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, அது சிறுநீர் கழித்து முடித்ததும் அங்கேயே பாராட்டுங்கள். பிறகுதான் தெரு நடை. மலத்தை அள்ள ஒரு பையும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்: தீபாவளிக்கு மூன்று நாள் முன்பிருந்தே எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு நடுங்குகிறது. ஆழித்தேர் சமயத்தில் மேளச் சத்தத்துக்கும் அப்படியே. போன வருடம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்க வேண்டாம். சில மருந்துகள் நாயின் உடலை மட்டும் அசையாமல் ஆக்கும். அச்சம் உள்ளே அப்படியே இருக்கும். வெடிச் சத்தம் கேட்டும் ஓட முடியாமல் கிடக்கும் நாயை, அமைதியாக இருக்கிறது என்று நாம் தவறாக எண்ணிவிடுவோம். அச்சத்தையே குறைக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றைப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பாகவே மருத்துவரிடம் கேட்டு, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

மனிதர் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் அளவிலும் கேட்கும். நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் அதற்குச் சேர்ந்தே கேட்கிறது. கட்டிலுக்கு அடியில் புகுவது அது தனக்காகத் தேடிக்கொண்ட பாதுகாப்பு. இழுத்து வெளியே எடுக்காதீர்கள். நடு அறை ஒன்றில் சன்னலைச் சாத்தி, கனத்த போர்வை விரித்து, மின்விசிறியையும் வானொலியையும் ஓடவிட்டு, வீட்டில் ஒருவர் உடனிருங்கள். அச்சப்படும்போது தடவிக்கொடுத்தால் அச்சம் பழகிவிடும் என்பது பழைய கருத்து. தயங்காமல் அணைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட கால வழி, ஒலிப்பதிவால் பழக்குவது. பண்டிகைக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே தொடங்கி, வெடிச் சத்தத்தையோ தவிலோசையையோ காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து, அந்த நேரத்தில் மட்டும் அதற்கு மிகவும் பிடித்த உணவைக் கொடுங்கள். நாய் உண்பதை நிறுத்தினால் சத்தம் அதிகமாகிவிட்டது என்று பொருள், குறைத்துவிடுங்கள். பண்டிகை நாள்களில் இருட்டும் முன்பே வெளியே அழைத்துப் போய் வந்து கதவைச் சாத்தி, கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த வில்லையை மாட்டிவிடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கவனிக்க வேண்டியவை யாவை? கோடியக்கரைக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லலாமா?

கோடியக்கரைக் காட்டுக்குள் வேண்டவே வேண்டாம். 1967-இல் காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்குள்ள வெளிமான்களின் குட்டிகளுக்கு நாய்கள் பெரும் பகை. உங்கள் நாய் கடிக்காது என்றாலும், துரத்தினாலே போதும். தாய்மான் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமுமாகச் சிதறிவிடும். நம் நாயின் நோய்கள் அங்குள்ள நரிகளுக்கும் பரவக்கூடும்.

ஊரை ஒட்டிய கடற்கரை நல்ல இடம்; சில கட்டுப்பாடுகளோடு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வந்து மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன. வனத்துறையினர் இரவில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நாய் மோப்பம் பிடித்துவிட்டால் ஒரு குழியில் உள்ள நூறு முட்டைகளுக்கு மேல் ஒரே காலையில் அழிந்துவிடும். அந்த மாதங்களில் வாரை எக்காரணம் கொண்டும் அவிழ்க்காதீர்கள்.

வலையிலிருந்து உதறிப் போட்ட மீன்களைத் தின்னவிடாதீர்கள். பந்துபோல உப்பும் பேத்தை மீன் நாயைக் கொல்லும் நஞ்சுடையது. காய்ந்து கருவாடானாலும் நஞ்சு போகாது. அறுந்த தூண்டில் முள்ளும் கரையில் கிடக்கும். கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் கழிச்சலும் வரும் என்பதால், நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணமும் கொண்டுபோய், அலையில் இறங்குமுன் குடிக்கக் கொடுங்கள். வீடு திரும்பியதும் உப்புப் போகக் கழுவி, விரலிடுக்கையும் காதையும் துடையுங்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. புறங்கையை மணலில் ஏழு நொடி வையுங்கள். உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அது சூடே. நாய் தன் சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் நாக்கை நீட்டி இளைப்பதன் மூலம்தான். காற்றில் ஈரம் மிகுந்த நம் கடற்கரையில், ஈரம் ஆவியாகாததால், அந்த இளைப்பு சரியாகப் பலன் தராது. கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். தள்ளாட்டம், செங்கல் நிற ஈறு, நிற்காத இளைப்பு ஆகியவை தெரிந்தால் சாதாரணத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: உண்ணித் தொல்லை தாளவில்லை. தினமும் பிடுங்கினாலும் மறுநாள் அதே அளவு. மாட்டுக்குத் தெளிக்கும் மருந்தையோ, வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் சில சொட்டையோ தண்ணீரில் கலந்து குளிப்பாட்டினால் போய்விடும் என்று கடையில் சொல்கிறார்கள்.

தயவுசெய்து செய்யாதீர்கள். பயிருக்கு அடிக்கும் மருந்தில் குளித்து, வாயில் நுரை தள்ளி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உடல் வெட்டி இழுத்த நிலையில் மடியில் கிடத்திக் கொண்டுவரப்பட்ட நாய்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றைத் தூக்கி வந்தவர்கள் அனைவரும் நாய்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். மாட்டு மருந்தும் அளவு தெரியாமல் போட்டால் நஞ்சே.

பிடுங்கியும் குறையாததற்குக் காரணம், உண்ணிகளில் பெரும்பகுதி நாயின் உடலில் இல்லாமல் உங்கள் வீட்டில் இருப்பது. இரத்தம் குடித்து உளுந்தளவிலிருந்து மொச்சையளவு பருத்த பெட்டை உண்ணி, கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் நிலைப்படி இடுக்கிலும் நாட்காட்டிக்குப் பின்னாலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் செய்ய வேண்டும். நாய்க்கு, எடைக்கேற்ப, ஒரு மாதமோ மூன்று மாதமோ வேலை செய்யும் மாத்திரைகள் இன்று கிடைக்கின்றன. வலிப்பு வரும் நாய் என்றால் மருத்துவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பிடரியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. ஆனால் வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது கூடாது, பூனை இறந்துவிடும். வீட்டில் வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி, நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி எடுங்கள். முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் மூன்று, நான்கு மாதம் விடாமல் தொடர வேண்டும். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஈறு வெளுப்பு, மூக்கில் இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு ஒரத்தநாட்டில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில்லை.

திருத்துறைப்பூண்டி அருகிலிருந்து ஒரு வாசகி: அறுவடை நேரத்தில் எங்கள் நாய் பாம்பையும் எலியையும் துரத்துகிறது. பக்கத்து வயலில் எலி மருந்து வைக்கிறார்கள். ஏதாவது நேர்ந்தால் முதலில் என்ன செய்வது?

பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ, கீறவோ, வேர் அரைத்துப் பூசவோ வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். போகும் வழியிலேயே விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான் என்பதால் பாம்பைத் தேடி அடித்துக்கொண்டுவரும் வேலை வேண்டாம். கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்தால் முகமோ முன்காலோ விரைவில் வீங்கி இரத்தம் கசியும். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இல்லாமல் கால்கள் தளரும். வீக்கம் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது.

எலி மருந்தில் இரண்டு வகை. கருஞ்சாம்பல் நிறப் பொடியான துத்தநாகப் பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாகும். வயிற்றில் உணவு இருந்தால் அமிலம் கூடும் என்பதால் பாலோ சோறோ கொடுக்கக் கூடாது. நாய் வாந்தியெடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும். காற்றோட்டமாக வைத்துக் கொண்டுசெல்லுங்கள். மற்றது நீலம் அல்லது பச்சை நிற வில்லை. இதைத் தின்ற நாய் மூன்று, நான்கு நாள் ஒன்றும் நடக்காததுபோல் விளையாடிவிட்டு, பிறகு உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சாயும். தின்ற அன்றே வந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். எதுவானாலும் மருந்து உறையைக் கையோடு கொண்டுவாருங்கள். பக்கத்து வயல்காரரிடம், மருந்து வைக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படியும், முடிந்தால் மருந்துக்குப் பதில் மூங்கில் கிட்டி வைக்கும்படியும் கேட்டுப் பாருங்கள். தஞ்சைக் கிட்டி என்றே பெயர் பெற்ற பொறி அது. கிட்டி வைத்த வயலிலும் நாயை அவிழ்த்துவிடக் கூடாது, பாதம் மாட்டிக்கொள்ளும்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் சைவம். நாய்க்கும் தயிர் சாதமும் சாம்பார் சாதமும்தான். இது சரியா?

தயிர் சாதம் உப்பில்லாமல் கொடுக்கலாம். சாம்பார் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும், வெந்தாலும் வதங்கினாலும், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய் சைவ உணவில் வாழ முடியும். ஆனால் சோறு மட்டும் போதாது. குழைய வேகவைத்த பருப்பு, பனீர், பரங்கிக்காய், காரட் ஆகியவற்றைச் சேருங்கள். முட்டைக்கு வீட்டில் தடையில்லை என்றால் தினம் ஒரு வெந்த முட்டை பேருதவி. சைவத் தயாரிப்பாக வரும் முழுமையான நாய் உணவைப் பாதிக்குப் பாதி கலப்பது இன்னும் பாதுகாப்பானது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலில் ஒரு கவளம் தருவது பலர் வீட்டு வழக்கம். அதில் உள்ள உலர் திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். நெய்யும் திராட்சையும் இடுவதற்கு முன் அதற்கென்று ஒரு பிடி சோறு எடுத்து வைத்துவிடுங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்: விளையாடும்போது எங்கள் நாயின் பல் பட்டு மகனின் கையில் இரத்தம் வந்துவிட்டது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். ஊசி தேவையா?

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, கழுவியிருக்க வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால் இப்போதேனும் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள்; ஊசி இலவசம். நாயின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். ஊசி எத்தனை, எந்நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாயைப் பத்து நாள் வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் மருந்து இல்லை.

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர்: சென்னைக்குக் குடிபெயர்கிறோம். நாயை ரயிலில் கொண்டுசெல்ல முடியுமா?

முடியும். குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுவதும் உங்கள் பெயரில் பதிவு செய்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புகளில் அனுமதி இல்லை. கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டில்தான் ஏற்ற வேண்டும். எதுவானாலும் பார்சல் அலுவலகத்தில் முன்னதாகப் பதிவு செய்யுங்கள். தடுப்பூசி அட்டையும் உடல்நலச் சான்றும் கேட்பார்கள். கூண்டு இருட்டும் இரைச்சலும் உள்ள இடம். கோடையில் அதைவிட, விடியுமுன் காரில் புறப்படுவதே நல்லது என்பது என் எண்ணம். பயணத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு உணவை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

திருவையாற்றிலிருந்து ஒரு முதியவர்: எங்கள் பொமரேனியனுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு கண்ணிலும் புரை. பின்கால்கள் தளர்ந்துவிட்டன. தினமும் என்னோடு காவிரிப் படித்துறைக்கு வந்த நாய் இப்போது வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. வலிக்கு என் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? படித்துறைக்குத் தூக்கிக்கொண்டு போவது அதற்குத் துன்பமா?

ஐயா, உங்கள் மாத்திரை வேண்டாம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகிய மூன்றும் நாயின் ஈரலையோ, குடலையோ, சிறுநீரகத்தையோ புண்ணாக்கும். நாய்க்கென்றே மூட்டுவலி மருந்துகள் உள்ளன. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்கலாம். வீட்டுத் தரை வழவழப்பானால் அது நடக்கும் வழியில் மட்டும் கோரைப்பாயோ சாக்கோ விரித்துவிடுங்கள். வழுக்கிவிடும் என்ற அச்சமே பாதித் தளர்ச்சிக்குக் காரணமாக இருக்கும். கட்டில், நாற்காலி, தண்ணீர்ச் சட்டி ஆகியவற்றை இடம் மாற்றாதீர்கள். கண் தெரியாத நாய் வீட்டை நினைவில் வைத்தே நடக்கிறது. தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

படித்துறைக்குத் தாராளமாகத் தூக்கிச் செல்லுங்கள். அது துன்பமில்லை. பார்வை போனாலும் மோப்பம் அப்படியே இருக்கிறது. ஆற்றங்கரை மண்ணும் நாணலும், நேற்று அவ்வழியே போன ஆடும், படியில் காயும் துணியும் அதற்கு மணமாகவே தெரியும். ஒரு கை மார்புக்கு அடியிலும் மற்றொரு கை பின்தொடைகளுக்கு அடியிலுமாகத் தாங்கித் தூக்குங்கள். முன்கால்களைப் பிடித்துத் தூக்கினால் முதுகு வலிக்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்து ஆறு நிறைந்து வரும் மாதங்களில் ஈரப்படிக்கு இறங்காமல் மேற்படியிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். நெஞ்சுப்பட்டை போட்டு வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, அது தானாக மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்து முடிக்கும்வரை காத்திருங்கள். முடித்ததும் அதுவே உங்கள் பக்கம் திரும்பும். அப்போது வீட்டுக்குப் புறப்படலாம்.